அத்தியாயம் 9: ஈடு கொடுக்க நாலு சொற்கள்

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது ஒரே ஒரு காரியம் உங்களுக்குக் கைவந்திருக்க வேண்டும். ஜெர்மன் ஆஸ்பத்திரி வார்டில் ஒருவர் படபடவென்று பேசிக்கொண்டு போகிறார். உங்களுக்குப் பாதியில் விட்டுப்போகிறது. அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு நகராமல், "எனக்கு விட்டுப்போச்சு, திரும்பச் சொல்லுங்க" என்று அந்த மொழியிலேயே கேட்க வேண்டும். இலக்கணமும் உச்சரிப்பும் தேர்வும் இங்கே வரத்தான் போகின்றன. எல்லாம் இந்த ஒன்றுக்காகவே வருகின்றன.

இந்த நூலைக் கையில் எடுப்பவர்களில் பலர் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து நர்சிங் மாணவர்கள். 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்சுகளுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. ஏ1, ஏ2, பி1, பி2 என்ற மொழித் தகுதிப் படிகளின் பெயர்கள் இப்போது நம் ஊர் டீக்கடைப் பேச்சிலும் வந்துவிட்டன. ஜெர்மனியில் முழு நர்சாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 வரை கேட்கிறார்கள். அந்தப் படிக்குப் போகும் வழியில் "மற்றவர்களோடு ஈடு கொடுத்துப் போவது" என்ற பொருளில் நாலு சொற்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். நாலுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் கேட்பவர் குழம்புவார். அதனால் ஒவ்வொன்றையும் அது வாழும் இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் சொல்: ஷ்ரிட் ஹால்ட்டன்

"ஷ்ரிட்" என்றால் எட்டி வைக்கும் அடி. "ஹால்ட்டன்" என்றால் பிடித்துக்கொள்வது, விடாமல் வைத்திருப்பது. இரண்டும் சேர்ந்தால், முன்னால் போகிறவரின் அடிக்கு நம் அடியை விடாமல் வைப்பது.

இதன் பொருளைப் புத்தகத்தில் தேட வேண்டாம். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற உங்கள் அம்மாவிடமோ சித்தியிடமோ கேளுங்கள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு ஓடும். அதில்தான் காய் பிடிக்கும். எடுப்பவர் குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, சரத்தைத் தூக்கி, முற்றியதை மட்டும் விரலால் கிள்ளிவிட்டுப் பிஞ்சை அப்படியே விட வேண்டும். ஈரத் தரை, அட்டைக் கடி, சரிவில் நிற்காத கால். ஒரு செடி முடிந்ததும் அடுத்த செடி. பக்கத்து வரிசையில் இருக்கும் கைதேர்ந்தவர் நாலு செடி தாண்டிவிடுவார். புதிதாக வந்த பெண் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "மதினி, செத்த மெதுவாப் போங்க, ஈடுகுடுக்க முடியல." அவள் சொன்னதை ஜெர்மனில் சொன்னால் இதுதான்:

இஷ் கான் மிட் டேன் ஆன்டரன் நிஷ்ட் ஷ்ரிட் ஹால்ட்டன்.

மற்றவர்களோடு அடிக்கு அடி என்னால் வர முடியவில்லை. இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். மனப்பாடம் ஆகும் வரை அடுத்த பத்திக்குப் போக வேண்டாம்.

ஆனதா? இப்போது அதைப் பிரித்துப் பார்க்கலாம். "மிட்" என்பது நம் "ஓடு", "உடன்". நாம் "மற்றவர்களோடு" என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் பெயருக்கு முன்னால் வைக்கிறார்கள். "மிட்" வந்துவிட்டால் அடுத்து வரும் சொல் எப்போதும் நாலாம் வேற்றுமை போன்ற ஒரு வடிவத்தில்தான் நிற்கும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. ஜெர்மன் இலக்கணத்தில் இப்படி நிம்மதி தரும் இடங்கள் குறைவு. என்னோடு என்றால் "மிட் மீர்", உன்னோடு "மிட் டீர்", உங்களோடு "மிட் ஈனன்", எங்களோடு "மிட் உன்ஸ்". ஆண்பால் பெயருக்கும் அஃறிணை போன்ற மூன்றாம் பாலுக்கும் "டேம்", பெண்பாலுக்கு "டேர்", பன்மைக்கு "டேன்". "மிட் டேம்", "மிட் டேர்", "மிட் டேன்" என்று ஜோடியாகவே வாயில் ஏற்றுங்கள். பெயருக்கு முன்னால் வரும் இந்த "மிட்" தனியாக ஒரு நாளும் வராது.

வினை எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தீர்களா? "கான்" என்ற "முடியும்" இரண்டாவதாக வந்துவிட்டது. உண்மையான வினை "ஹால்ட்டன்" வாக்கியத்தின் கடைசியில் காத்திருக்கிறது. இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். உங்களுக்குத் திணறல் தேவையில்லை. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. "ஏனென்றால்" என்ற பொருளுள்ள "வைல்" சேர்ந்தால் இன்னும் நெருங்கிவிடும்: "வைல் இஷ் நிஷ்ட் ஷ்ரிட் ஹால்ட்டன் கான்". ஏறக்குறையத் தமிழ் வரிசை. "ஹால்ட்டன் கான்" என்பது "வர முடிகிற" போலவே வினையும் துணைவினையுமாக முடிகிறது. இங்கிலீஷில் மனத்துக்குள் வாக்கியம் அமைத்து அதை ஜெர்மனுக்கு மாற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தமிழில் நினைத்துத் தொடங்கினால் இதுபோன்ற வாக்கியங்களில் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

"ஹால்ட்டன்" நடுவில் உயிர் மாறும் வினை. நான் "ஹால்ட்ட", நீ "ஹெல்ட்ஸ்ட்", அவன் அல்லது அவள் "ஹெல்ட்", நாங்கள் "ஹால்ட்டன்". இறந்தகாலம் "ஹீல்ட்". பேச்சில் இறந்தகாலத்துக்கு "ஹாட் கெஹால்ட்டன்" என்று வரும்: "ஸீ ஹாட் மிட் மீர் ஷ்ரிட் கெஹால்ட்டன்", அவள் என்னோடு ஈடு கொடுத்து வந்தாள்.

நாக்குக்கு ஒரு எச்சரிக்கை

தமிழ் எழுத்தில் ஜெர்மனை எழுதுவது வழி காட்டத்தான். ஒலிப்பதிவைக் கேட்காமல் இதை மட்டும் நம்பக் கூடாது. "இஷ்", "நிஷ்ட்" என்று எழுதியிருப்பது நம் "ஷ்" அல்ல. "இ" சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்துக்கொண்டு குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விடுங்கள். அதுதான் அந்த ஒலி. "ஷ்ரிட்"டில் வருவது அழுத்தமான உண்மையான "ஷ்". அதை அடுத்து வரும் "ர" நுனிநாக்கில் உருளாது, தொண்டைக்குள் உரசும். நம் நுனிநாக்கு "ர" போட்டாலும் ஜெர்மானியர்களுக்குப் புரியும். தெற்கே பவேரியாவில் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஆனால் "ர"வை விழுங்கிவிடக் கூடாது. "ஷ்ரிட்" கொஞ்சம் நழுவினால் "ஷ்னிட்" போலக் கேட்கும். "ஷ்னிட்" என்றால் வெட்டு, கீறல். சிசேரியனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "கைஸர்ஷ்னிட்". வார்டில் இந்த இரண்டையும் மாற்றிக் கேட்பதும் மாற்றிச் சொல்வதும் விளையாட்டுக் காரியம் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எதைச் சொன்னீர்கள் என்று அவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடி இல்லாத இடத்திலும் அடி

நடப்பதற்கு மட்டும் "ஷ்ரிட் ஹால்ட்டன்" வருவதில்லை. பத்திரிகையிலும் தேர்வுத் தாளிலும் பெரும்பாலும் வேறு வேலைக்குத்தான் வரும். கூலி, விலை, தொழில்நுட்பம், காலம் என்று ஒன்று ஓட, இன்னொன்று பின்தங்கும் இடங்களில் எல்லாம் இது உட்காரும். ஏலமலையில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகப் புரிகிற வாக்கியம் இது:

டீ லேன ஹால்ட்டன் மிட் டேன் ப்ரைஸன் நிஷ்ட் ஷ்ரிட்.

விலைவாசியோடு கூலி ஈடுகொடுக்கவில்லை. "லேன" கூலிகள், "ப்ரைஸன்" விலைகள். "லேன"வில் வருவது நம் "லே" அல்ல: வாயை "ஓ" போலக் குவித்துக்கொண்டு "ஏ" சொல்லுங்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அந்த ஏற்றத்தில் கூலியும் கூடவே ஏறியதா என்று மலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் இந்த வாக்கியத்தின் இலக்கணம் தானே மனத்தில் தங்கும்.

இதையும் படித்துப் பாருங்கள்: "இன்டியன் வில் மிட் குவாட்டெமாலா ஷ்ரிட் ஹால்ட்டன்." குவாத்தமாலாவோடு ஈடுகொடுக்க இந்தியா நினைக்கிறது. இந்த உதாரணத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஏலக்காய் ஆதியில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் காபித் தோட்டக்காரர்தான் அதைக் குவாத்தமாலாவின் ஆல்ட்டா வெராபாஸ் மலையில் கொண்டுபோய் நட்டார். பிறகு அந்த நாடு உலகச் சந்தையில் நம்மை முந்தியது. சவூதி அரேபியாவின் காவாக் கோப்பைகளில் பெரும்பாலும் அங்கிருந்து போன காய்தான் மணக்கிறது. போடிச் சந்தையில் விலை பேசும் எவருக்கும் குவாத்தமாலா விளைச்சல் பற்றிய செய்தி முக்கியம். ஜெர்மன்காரர்கள் ஏலக்காயைக் "கார்டமோம்" என்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்து லேப்கூகன் பலகாரத்தில் போடுவார்கள். உங்கள் ஊர் என்ன ஊர் என்று அங்கே யாராவது கேட்டால் இங்கிருந்து தொடங்குங்கள். பேச்சு நீளும்.

இரண்டாம் சொல்: மிட்ஹால்ட்டன்

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்துக்குப் போயிருக்கிறீர்களா? உள்ளே வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் காய் சின்னப் பொட்டலமாகக் கைக்கு வரும். அதைக் கொட்டி, உள்ளங்கையில் உருட்டி, பச்சை நிறம் எப்படி, காய் பருத்திருக்கிறதா, வாய் பிளந்திருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் திரையில் விலை ஏறிக்கொண்டிருக்கும். ஒருவர் ஏற்றுகிறார், இன்னொருவர் அதற்கு மேல் ஏற்றுகிறார். ஒரு கட்டத்தில் ஒருவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். அவர் மனத்தில் ஓடுவது:

டா கான் இஷ் நிஷ்ட் மிட்ஹால்ட்டன்.

இந்த இடத்தில் என்னால் ஈடுகொடுக்க முடியாது. இங்கே "ஷ்ரிட்" கிடையாது. பணம், திறமை, வேகம் என எதிலாவது எதிராளிக்குச் சமமாக நிற்க முடியுமா என்ற கேள்விக்கு "மிட்ஹால்ட்டன்". போட்டி இருக்கிற இடத்தில் இதைப் போடுங்கள். அந்த விலைக்கு என்றும் சேர்த்துச் சொல்லலாம்: "பை டீஸம் ப்ரைஸ் கான் இஷ் நிஷ்ட் மிட்ஹால்ட்டன்." ஏலத்தில் விலை கேட்பதற்கே அவர்களிடம் "மிட்பீட்டன்" என்று ஒரு சொல் இருக்கிறது.

இந்த "மிட்" சேர்ந்த வினைகள் பிரியும் வினைகள். "கான்" போன்ற துணைவினை இருந்தால் முழுசாகக் கடைசியில் நிற்கும். துணைவினை இல்லாவிட்டால் வினை முன்னால் போய், "மிட்" மட்டும் கடைசியில் தங்கிவிடும்: "இஷ் ஹால்ட்ட மிட்", நான் ஈடுகொடுக்கிறேன். இடையில் எத்தனை சொல் வந்தாலும் "மிட்" வந்தால்தான் வாக்கியம் முடியும். கேட்கும்போதும் கடைசி "மிட்" காதில் விழும் வரை பொருளை முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாம் சொல்: மிட்கொம்மன்

இந்த அத்தியாயத்தின் உயிர் இங்கே இருக்கிறது.

"கொம்மன்" வருவது, "மிட்கொம்மன்" கூட வருவது. "கொம்ஸ்ட் டூ மிட்?" என்று ஒருவர் கேட்டால் "நீயும் வர்றியா?" என்று பொருள். அதே சொல் ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்தால் பொருள் வேறு: பேச்சோடு கூட வருகிறாயா, புரிகிறதா? எனவே, "இஷ் கொம்ம நிஷ்ட் மிட்" என்பதை வாசலில் நின்று சொன்னால் "நான் வரலை". வகுப்பிலோ வார்டிலோ சொன்னால் "எனக்குப் பின்தொடர முடியலை, விட்டுப்போச்சு". இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. நாமும் "எனக்கு ஓடலை" என்பதை இடம் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறோம்.

ஜெர்மன் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்சுக்கு மிகக் கடினமான நேரம் எது என்று கேட்டால் பலரும் "ஊபர்காப" என்பார்கள். ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் நேரம். ராத்திரி முழுக்க விழித்தவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். அறை எண், பெயர், ரத்த அழுத்தம், மாற்றிய மருந்து, ராத்திரி கட்டிலிலிருந்து விழுந்தாரா, தண்ணீர் எவ்வளவு குடித்தார்... எல்லாம் மூச்சுவிடாமல், பாதி சுருக்கச் சொற்களில், பல சமயம் அந்தப் பகுதியின் வட்டார வழக்கில் வரும்.

இதில் நம் பிள்ளைகள் முதலில் தடுக்குவது எண்களில். தமிழில் நாற்பத்தேழு: நாற்பது முதலில், ஏழு பிறகு. ஜெர்மனில் ஏழு முதலில்: "ஸீபன்-உன்ட்-ஃபிர்ட்ஸிஷ்", ஏழும் நாற்பதும். எழுபத்து நாலு "ஃபீர்-உன்ட்-ஸீப்ட்ஸிஷ்", நாலும் எழுபதும். கேட்ட வேகத்தில் எழுதினால் 47, 74 ஆகிவிடும். மருந்தின் அளவிலோ நாடித்துடிப்பிலோ இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நர்சிங் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணை மூளையில் திருப்பிக்கொண்டிருக்கும் நொடியில் அடுத்த மூன்று தகவல்கள் தாண்டிப் போயிருக்கும். அந்த நொடியில்தான் "மிட்கொம்மன்" வேண்டும்.

என்ட்ஷுல்டிகுங், இஷ் கொம்ம கெராட நிஷ்ட் மிட்.

மன்னியுங்கள், இப்போதைக்கு எனக்குப் பின்தொடர முடியவில்லை. "கெராட" என்ற சொல்லை விடாதீர்கள். அது "இந்த நேரத்தில்" என்று பொருள் தந்து, எதுவுமே தெரியாதவர் என்ற எண்ணம் வராமல் பார்த்துக்கொள்கிறது. இதோடு நிற்காமல், எதில் விட்டுப்போனது என்று உடனே சொல்லுங்கள். "நாடித்துடிப்பைத் திரும்பச் சொல்லுங்கள்", "அறை பன்னிரண்டு" என்று இடத்தைத் தொட்டுக் கேட்டால் எதிரில் இருப்பவர் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் எரிச்சல் வராது. பொதுவாகக் கேட்க: "கென்னன் ஸீ பிட்ட எட்வாஸ் லாங்ஸாமர் ஷ்ப்ரெஷன்?" கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா? முடித்ததும் நீங்களே திரும்பச் சொல்லிச் சரிபாருங்கள்: "ஹாப இஷ் டாஸ் ரிஷ்டிஷ் ஃபெர்ஷ்டாண்டன்?" நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் பட்டதைப் பட்டபடி சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெரியவர் பேசும்போது குறுக்கே கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கிறார்கள். புரியாவிட்டாலும் "சரிங்க", "சரிங்க சார்" என்று தலையாட்டுவோம். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வோம். ஜெர்மன் வார்டில் அந்தச் "சரி"க்கு "எல்லாம் புரிந்தது, இனி என் பொறுப்பு" என்று பொருள். புரியாமல் சொன்ன ஒரு சரியை அவர்கள் மன்னிக்க மாட்டார்கள். புரியவில்லை என்று நேராகச் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்பவர்கள் மிகக் குறைவு. கேட்பவரைத்தான் அங்கே கவனமான நர்சு என்று மதிக்கிறார்கள்.

இன்னொன்று. "ஸீ", "டூ" வேறுபாடு நம் "நீங்கள்", "நீ" போன்றதே. சக நர்சுகளுக்குள் பெரும்பாலும் "டூ". நோயாளிக்கும் வெளியாருக்கும் "ஸீ". சக நர்சுகளாகவே "டூ" என்று அழைக்கச் சொல்லும் வரை அவர்களிடமும் "ஸீ"யிலேயே இருங்கள். "டூ" ஆனபின் கேள்வி "கன்ஸ்ட் டூ பிட்ட லாங்ஸாமர் ஷ்ப்ரெஷன்?" என்று மாறும்.

நாலாம் சொல்: ஹின்ட்டர்ஹேர்கொம்மன்

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேலை குவிந்து, பின்னாலேயே ஓடியும் தீராத நிலைக்கு: "இஷ் கொம்ம மிட் டேர் ஆர்பைட் நிஷ்ட் ஹின்ட்டர்ஹேர்." வேலையை என்னால் பிடிக்க முடியவில்லை. பேச்சு வழக்கில் மட்டும் வையுங்கள். ஒரு ஷிப்டில் இரண்டு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவராக நிற்கும்போது பொறுப்பாளரிடம் சொல்ல இதுதான் ஏற்ற வாக்கியம். சொல்லாமல் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

நோயாளியின் வேகம்

நர்சு வேலையில் ஈடுகொடுப்பது பல சமயம் வேகத்தைக் குறைப்பதுதான். இடுப்பு அறுவை முடிந்த பாட்டியை வராந்தாவில் நடத்திப் போகிறீர்கள். அவரால் உங்களோடு "ஷ்ரிட் ஹால்ட்டன்" முடியாது. நீங்கள்தான் அவர் அடிக்கு வர வேண்டும். "கேஅ இஷ் ட்ஸூ ஷ்னெல்?" நான் வேகமாகப் போகிறேனா? பிறகு அவருக்குத் தைரியம் தரும் வாக்கியம்: "வீர் கேயன் இன் ஈரம் டெம்போ." உங்கள் வேகத்திலேயே போவோம்.

"டெம்போ" அவர்களிடம் வேகம் என்ற சாதாரணச் சொல். நம் ஊர் டெம்போ வண்டிக்கும் இந்தப் பெயர் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். ஹாம்பர்க் நகரத்து விடால் கம்பெனி "டெம்போ" என்ற பெயரில் வண்டி செய்தது. 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ அவர்களோடு ஒப்பந்தம் போட்டு அதை இந்தியாவில் செய்தது. போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் டெம்போ டிராவலர் ஏறும்போது இந்தச் சொல் உங்களுக்கு மறக்காது.

பயிற்சி

பேச்சோடு கூட ஓடப் பழக ஜெர்மன்காரர்களின் "மிட்" வினைகளையே கைக்கொள்ளுங்கள். "மிட்லேஸன்": ஒலி ஓட, அதே வேகத்தில் கண்ணால் படிப்பது. "மிட்ஷ்ப்ரெஷன்": ஒலியோடு சேர்ந்தே வாய்விட்டுப் பேசுவது. "மிட்ஷ்ரைபன்": கேட்டுக்கொண்டே குறிப்பெழுதுவது. இந்த வரிசையில் செய்யுங்கள். மூன்றாவதற்கு அவசரப்பட வேண்டாம். ஜெர்மன் வானொலியான டாய்ச்ச வெல்ல திங்கள் முதல் சனி வரை "மெதுவாகப் பேசும் செய்தி" என்று ஒலிப்பதிவும் எழுத்தும் சேர்த்துத் தருகிறது. "நிக்கோஸ் வேக்" என்ற பாடத்தொடரும் பி1 வரை உண்டு. இரண்டுக்கும் காசு கிடையாது. முதல் நாள் எழுத்தைப் பார்த்துக் கேளுங்கள். அடுத்த நாள் எழுத்தை மூடிவிட்டு அதே செய்தியைக் கேளுங்கள். எங்கே விட்டுப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எண்ணிலும், பிரியும் வினையின் கடைசித் துண்டிலும்தான் விட்டுப்போகும்.

எண்ணுக்கு நம் ஊரிலேயே நல்ல பயிற்சி கிடைக்கிறது. அன்றைய ஏல விலையை எடுத்து ஜெர்மனில் சொல்லிப் பழகுங்கள். 2,347 ரூபாய்: "ட்ஸ்வைடௌஸன்ட்-ட்ரைஹுண்டர்ட்-ஸீபன்உன்ட்ஃபிர்ட்ஸிஷ்". தோழி படிக்க நீங்கள் எழுதுங்கள், பிறகு மாறுங்கள். பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் ஜீப்பின் எண் பலகையைப் பாருங்கள். வாய் தானாகச் சொல்ல வேண்டும். விரல் கணக்குப் போடக் கூடாது.

மொழி தெரியாத ஊரில் கூட நடக்கக் கற்றவர்களில் ஒருவர் நம் கரையிலேயே இருந்திருக்கிறார். பர்த்தலோமேயு சீகன்பால்க், புல்ஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் ஊர்க்காரர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. உள்ளூர் வாத்தியாரைப் பள்ளியைத் தம் வீட்டில் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் போட்டுக் கற்றார். படித்துவிட்டு வந்த பாதிரியார் ஆறு வயதுப் பிள்ளையின் வேகத்துக்குத் தம்மைக் கொண்டுவந்தார். 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்தில் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. வெட்கத்தை முதல் நாளே இறக்கி வைத்ததன் பலன் அது. ஏ1 வகுப்பில் உங்களைவிடச் சின்னப் பையன் முந்திப் பேசினால் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தேர்வில்

கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் பி1 தேர்வு படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். தேற 60 வேண்டும். கேட்டலில் நாலு துண்டுகள். முதல் துண்டும் நாலாம் துண்டும் இரண்டு முறை ஒலிக்கும். நடுவில் உள்ள இரண்டும் ஒரே முறைதான். அந்த இரண்டில்தான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். ஒலி தொடங்கும் முன் கிடைக்கும் நேரத்தில் கேள்விகளைப் படித்து முக்கியச் சொல்லில் கோடு போடுங்கள். ஒரு கேள்வி நழுவினால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குக் காதைக் கொடுங்கள். விட்டதைப் பிடிக்கப் பின்னால் திரும்பினால் வருகிறதும் போய்விடும். பேசுதல் பகுதி பெரும்பாலும் இருவராக நடக்கும். கூட்டாளி சொன்னது புரியாவிட்டால் "வீ பிட்ட?" என்று கேட்கலாம், அதற்காக யாரும் மதிப்பெண்ணை வெட்ட மாட்டார்கள். புரியாமல் சம்பந்தமில்லாத பதில் சொன்னால் போகும்.

தேர்வுக்குச் சென்னை போகிறவர்கள் தேதியை முதலில் உறுதி செய்துவிட்டு டிக்கெட் போடுங்கள். 2010 கடைசியில் நின்ற போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் சென்னைக்கு ஓடுகிறது. ஆனால் தினமும் கிடையாது. நீங்கள் போகும் மாதத்தில் எந்தெந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டல் ஒன்றில் மட்டும் 60-க்குக் குறைந்தால் பி1-ல் அதை மட்டும் மறுபடி எழுதலாம். நாலையும் மறுபடி எழுத வேண்டும், முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். தேர்வு மையத்திலேயே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.